மண்ணைத் தட்டிப் பார்த்தவர்கள்

சந்தையில் பானை வாங்கும்போது அந்தக் காலத்தில் யாரும் கண்ணால் மட்டும் பார்த்து வாங்க மாட்டார்கள். விரலை மடக்கிச் சுண்டிப் பார்ப்பார்கள். ‘ணங்’ என்றால் நல்ல பானை. ‘டொக்’ என்றால் எங்கோ விரிசல். பலாப்பழத்தையும் அப்படித்தான் தட்டுகிறோம். உள்ளே இருப்பதை உடைக்காமல் தெரிந்துகொள்ள நமக்குத் தெரிந்த மிகப் பழைய வழி அது. வீடு கட்டப் போகும் நிலத்தையும் அதேபோல் தட்டிப் பார்த்து, பத்தடியில் என்ன, ஐம்பதடியில் என்ன என்று சொல்ல முடியுமா? முடியும். ஆனால் முதலில் முயன்றவருக்கும் முழுதாகச் செய்து காட்டியவர்களுக்கும் நடுவில் 150 வருடம் ஓடிவிட்டது. அந்தக் கதையைத்தான் இன்று எழுத உட்கார்ந்தேன்.

நான் முப்பது வருடத்துக்கு மேல் மண் பரிசோதனை வேலையிலேயே கிடந்தவன். எங்கள் காலத்தில் மண் பரிசோதனை என்றால் துளை போடுவதுதான். மூன்று கால் கட்டி, வின்ச் வைத்து, துளை போட்டு, 63.5 கிலோ சுத்தியலை 75 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழ வைப்போம். கீழே உள்ள குழாய் 30 சென்டிமீட்டர் இறங்க எத்தனை அடி விழுந்தது என்று ஒருவர் எண்ணுவார். பத்து அடிக்குள் இறங்கினால் இளகிய மண். ஐம்பது அடிக்கும் இறங்காவிட்டால் கெட்டி. எஸ்.பி.டி என்று இதற்குப் பெயர். இன்றும் நம் நாட்டில் அஸ்திவாரக் கணக்கு பெரும்பாலும் இந்த எண்ணை வைத்துத்தான் நடக்கிறது.

இதைக் குறை சொல்ல மாட்டேன். கையில் மண் வருகிறதே, அதற்கு ஈடில்லை. பிசைந்து பார்க்கலாம், முகர்ந்தும் பார்க்கலாம். ஆனால் ஒரு துளை, தான் இருக்கும் நான்கு அங்குலத்தைப் பற்றி மட்டுமே பேசும். ஒரு தளத்தில் இரண்டு மூலையிலும் துளை போட்டோம், இரண்டிலும் நல்ல மண். அஸ்திவாரம் தோண்டும்போது நடுவில் கறுப்புச் சேறு பொங்கி வந்தது. பக்கத்துத் தெருவில் இருந்த ஒரு பாட்டி வேடிக்கை பார்க்க வந்தவர், “இதுல வாய்க்கா ஓடிச்சேப்பா, எங்க மாமனார் காலத்துல தூர்த்தாங்க” என்றார். இரண்டு துளைக்கும் நடுவில் அந்த வாய்க்கால் நிம்மதியாகப் படுத்திருந்தது.

நிலத்தைத் தட்டிப் பார்த்த முதல் ஆள் அயர்லாந்துக்காரர். ராபர்ட் மாலெட் என்று பெயர். டப்ளினில் வார்ப்பாலை நடத்திய பொறியாளர். ‘சீஸ்மாலஜி’ என்ற சொல்லையே புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் அவர்தான். 1849-ல் டப்ளினுக்குத் தெற்கே கில்லைனி கடற்கரை மணலில் வெடிமருந்தைப் புதைத்து வெடித்தார். சுமார் அரை மைல் தள்ளி ஒரு தட்டில் பாதரசம். அதன் மேல் பட்டு வரும் ஒரு கோட்டின் பிம்பத்தைக் கண்ணாடி வழியே பார்த்தபடி அவர். அதிர்வு வந்து சேர்ந்தால் பாதரசம் சிலிர்க்கும், பிம்பம் கலையும். வெடித்த நொடிக்கும் கலைந்த நொடிக்கும் உள்ள இடைவெளிதான் கணக்கு. மணலில் நொடிக்கு ஏறக்குறைய 825 அடி என்று வந்தது. பக்கத்தில் டால்கியில் கருங்கல் பாறையில் செய்தபோது 1665 அடி.

மாலெட் இதைவிடப் பல மடங்கு அதிகம் எதிர்பார்த்தார். அவர் எதிர்பார்ப்பில் தவறில்லை. கெட்டியான கருங்கல்லில் முதல் அலை நொடிக்கு நான்கைந்து கிலோமீட்டர் ஓடும். ஆனால் அந்த முதல் அலை மெலிந்தது, பாதரசம் அதற்கெல்லாம் அசையவில்லை. பின்னால் மெதுவாக, பெரிதாக வந்த அலைக்குத்தான் அசைந்தது. இன்று அந்த எண்ணைப் பார்க்கிற எவருக்கும் அது மேற்பரப்பு அலையின் வேகம் மாதிரி தெரியும். ஈர மணலில் 825 அடி, அதாவது சுமார் 250 மீட்டர் என்பது அவ்வளவு பொருத்தம். அலைக்குப் பெயர் வைக்க ஆளே பிறந்து ஏழு வயதுதான் ஆகியிருந்த நேரம் அது.

அந்த ஏழு வயதுப் பையன் ஜான் வில்லியம் ஸ்ட்ரட். பின்னாளில் மூன்றாம் ரேலி பிரபு. வானம் ஏன் நீலம் என்று விளக்கியவர், ஆர்கான் வாயுவுக்காக 1904-ல் நோபல் பரிசு பெற்றவர். நம் சி.வி.ராமன் இளம் வயதில் ஒலியியல் படித்தது இவருடைய நூல்களில்தான். எஸெக்ஸில் குடும்பப் பண்ணை, அதில் பால் வியாபாரமும் நடந்தது. அந்த வீட்டிலேயே ஆய்வுக்கூடமும் வைத்திருந்தார். 1885-ல் லண்டன் கணிதச் சங்கத்துக்கு ஒரு சின்னக் கட்டுரை எழுதினார். திடப்பொருளின் தட்டையான மேற்பரப்பை ஒட்டியே ஓடும் ஓர் அலை இருக்க முடியுமா என்பது கேள்வி. முழுக்க முழுக்கக் கணக்கு. ஒரு சோதனை கிடையாது, ஒரு வெடி கிடையாது. இருக்க முடியும் என்று காட்டிவிட்டு, பூகம்பத்தில் இதற்கு முக்கியப் பங்கு இருக்கலாம் என்று போகிற போக்கில் சொல்லி வைத்தார்.

அந்த அலையின் குணத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் எல்லாம் இதை வைத்துத்தான். பூமிக்குள் நுழைந்து எல்லாப் பக்கமும் பரவும் அலைகள் சீக்கிரம் நீர்த்துப் போகும். ரேலி அலை மேற்பரப்பை ஒட்டியே வட்டமாக விரிவதால் அவ்வளவு சீக்கிரம் தேயாது. அது கடக்கும்போது மண் துகள் நீள்வட்டமாகச் சுற்றும். வண்டிச் சக்கரம் முன்னால் உருளும்போது அதன் மேல்பாகம் முன்னோக்கிப் போகும் அல்லவா, இதில் எதிர்மாறு, மேலே வரும்போது துகள் பின்னோக்கிப் போகும். இதன் வேகம், மண்ணைப் பக்கவாட்டில் உலுக்கும் குறுக்கலையின் வேகத்தில் பத்தில் ஒன்பது பங்குக்குச் சற்று மேல். குறுக்கலையின் வேகம் மண் எவ்வளவு விறைப்பு என்பதை நேராகச் சொல்லும். ஆகவே ரேலி அலையைப் பிடித்தால் மண்ணின் விறைப்பைப் பிடித்த மாதிரி.

இன்னொரு குணம்தான் பொக்கிஷம். இந்த அலை ஏறக்குறைய தன் அலைநீளத்தின் அளவு ஆழம் வரைதான் மண்ணை ஆட்டும். இரண்டு மீட்டர் நீள அலை மேல்தோலை மட்டும் தடவிவிட்டுப் போகும். நாற்பது மீட்டர் நீள அலை கீழே உள்ள பாறையையும் தொட்டுக்கொண்டு ஓடும். கீழே கெட்டி, மேலே இளகல் என்றால் நீள அலை வேகமாகவும் குட்டை அலை மெதுவாகவும் போகும். வெள்ளை வெளிச்சம் பட்டகத்தில் நிறம் நிறமாகப் பிரிகிறதே, அதேபோல ஒரே அடியில் கிளம்பிய அலை போகப் போக நீளவாரியாகப் பிரிந்துவிடும். எந்த நீளம் எந்த வேகம் என்று அட்டவணை போட்டால், அதிலிருந்து எந்த ஆழத்தில் எவ்வளவு விறைப்பு என்று பின்னோக்கிக் கணக்குப் போடலாம். துளையே வேண்டாம்.

பூகம்பத்தில் இந்த அலை உண்டு என்று காட்டியதில் இந்தியாவுக்குப் பங்கு இருக்கிறது. 1897 ஜூன் 12-ம் தேதி அஸ்ஸாம் பூகம்பம். ஷில்லாங்கில் கல் கட்டடங்கள் எல்லாம் தரைமட்டம். இந்திய நிலவியல் துறையில் இருந்த ஆர்.டி.ஓல்டாம் அதைப் பற்றி 1899-ல் பெரிய அறிக்கை எழுதினார். இங்கே சரியான கருவி இல்லாததால், இத்தாலியில் பதிவான கோடுகளைப் பார்த்து அலைகள் மூன்று தவணையாக வந்திருப்பதைக் கண்டார். கடைசியாக, பெரிதாக வந்தது மேற்பரப்பு அலை. அதன் பிறகுதான் கல்கத்தா அலிப்பூரிலும், பம்பாய் கொலாபாவிலும், நம் கொடைக்கானலிலும் மில்ன் கருவிகள் வந்தன. கொடைக்கானலில் 1899. சூரியனைப் பார்க்கிற இடத்தில் பூமியையும் கவனிக்க ஆரம்பித்தார்கள்.

இப்படி 1900-க்குள்ளேயே கணக்கும் சரி, சான்றும் சரி, கைக்கு வந்துவிட்டது. அப்புறம் ஏன் இவ்வளவு தாமதம்? என் அபிப்பிராயத்தில் பெரிய தடை எண்ணெய் தேடியவர்களின் பார்வை. 1920-களில் அமெரிக்காவில் வெடி வைத்து, ஆழத்துப் பாறையில் மோதித் திரும்பும் எதிரொலியைப் பிடித்து எண்ணெய் தேடும் முறை வந்தது. பணமும் மூளையும் எல்லாம் அங்கேதான் போயிற்று. அவர்களுக்கு வேண்டியது இரண்டு மூன்று கிலோமீட்டர் ஆழத்திலிருந்து வரும் மெல்லிய ஒலி. மேலோடு உருண்டு வரும் மேற்பரப்பு அலை அதை மூழ்கடித்துவிடும். அதற்கு ‘கிரவுண்ட் ரோல்’ என்று பெயர் வைத்து, அதை ஒழிப்பதற்கென்றே ஒரு சாஸ்திரம் வளர்த்தார்கள். ஜியோபோன்களைக் கொத்துக் கொத்தாகப் பதித்து அந்த அலை ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும்படி செய்தார்கள். ஆழத்தில் வெடி வைத்தார்கள். பதிவில் மிஞ்சியதையும் வடிகட்டி எறிந்தார்கள். 1960-களில் காவிரிப் படுகையில் எண்ணெய் தேடியபோது வயல் வரப்பில் கம்பி இழுத்ததைத் தஞ்சை, நாகைப் பக்கத்துப் பெரியவர்கள் பார்த்திருக்கலாம். முதல் முப்பது மீட்டர் மண்ணின் கதை முழுவதும் எழுதியிருந்த காகிதத்தை, உலகம் முழுக்க, குப்பை என்று தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஆனால் மனிதன் வீடு கட்டுவது அந்த முப்பது மீட்டரில்தானே!

கட்டுமானக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. பெர்லினில் 1930-களில் மண் இயக்கவியல் ஆய்வாளர்கள் ஓர் அதிர்வு இயந்திரத்தைத் தரையில் உட்காரவைத்து, ஒரே சீராக ஆட்டி, அலை எவ்வளவு வேகம் போகிறது என்று பார்த்தார்கள். இங்கிலாந்தின் சாலை ஆய்வகத்தில் ஜோன்ஸ் என்பவர் அதைச் சாலை அடுக்குகளுக்குக் கொண்டுபோய் 1958-ல் எழுதினார். வேலை எப்படி என்றால், ஓர் அதிர்வெண்ணில் இயந்திரத்தை ஓட்ட வேண்டும். உணர்கருவியைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, எங்கே ஆட்டம் மறுபடி ஒத்துப் போகிறது என்று தேட வேண்டும், அதுதான் ஓர் அலைநீளம். பிறகு அடுத்த அதிர்வெண், மறுபடி முதலிலிருந்து. ஒரு இடத்துக்கு ஒரு நாள் போய்விடும். ஆழம் கண்டுபிடிக்க, அலைநீளத்தில் பாதி என்று கைக்கணக்கு. நாட்டு வைத்தியர் நாடி பிடிக்கிற மாதிரி, அனுபவஸ்தர் கையில் நன்றாகவே பலித்தது. இயந்திரம் கனம், பொறுமையும் அதிகம் வேண்டும். அதனால் பரவவில்லை.

1965-ல் கூலி, டூக்கி என்ற இரண்டு பேர் ஓர் அலையை அதன் அதிர்வெண்களாகப் பிரிக்கும் கணக்கைக் கணினியில் மிக வேகமாகச் செய்யும் வழியை வெளியிட்டார்கள். அது வந்ததும் இயந்திரமே தேவையில்லாமல் போயிற்று. ஒரு சம்மட்டி அடியிலேயே எல்லா அதிர்வெண்ணும் கலந்திருக்கிறது, கணினி பிரித்துக் கொடுத்துவிடும். 1980-களின் தொடக்கத்தில் ஆஸ்டினில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் கென்னத் ஸ்டோகோவும் அவருடைய மாணவர் சோஹேல் நஸாரியானும் இரண்டே உணர்கருவிகளை வைத்து இதைச் செய்தார்கள். இரண்டு கருவிக்கும் நடுவில் அலை எவ்வளவு பின்தங்குகிறது என்று பார்த்தால் போதும்.

அது ஆய்வாளர்கள் வட்டத்தைத் தாண்டாமல் இருந்தபோதே, மேல் மண் எவ்வளவு பெரிய விஷயம் என்று உலகம் முழுக்கப் புரிந்தது. விலை மிக அதிகம்.

1985 செப்டம்பர் 19, காலை ஏழு மணி தாண்டிச் சில நிமிடங்கள். மெக்சிகோவின் பசிபிக் கரையோரம் பூகம்பம். தலைநகரம் அங்கிருந்து 350 கிலோமீட்டருக்கும் மேல். நம் கணக்கில் சென்னைக்கும் திருச்சிக்கும் உள்ள தூரத்தைவிட அதிகம். அவ்வளவு தூரத்தில் ஜன்னல் கொஞ்சம் ஆடிவிட்டு நின்றிருக்க வேண்டும். மெக்சிகோ நகரத்திலேயே பாறை மேல் இருந்த பகுதிகளில் அப்படித்தான் ஆயிற்று. ஆனால் நகரத்தின் மையம் ஒரு பழைய ஏரிப் படுகை. அஸ்டெக் மக்கள் டெக்ஸ்கோகோ ஏரியில் தீவுபோலக் கட்டிய ஊரை, பின்னால் வந்த ஸ்பானியர்கள் ஏரியை வடித்து விரித்துக்கொண்டார்கள். கீழே உள்ளது தண்ணீர் நிறைந்த களிமண். குறுக்கலை அதில் நொடிக்கு 100 மீட்டர்கூடப் போகாது. அந்தக் களிமண் இரண்டு நொடிக்கு ஒரு தடவை என்று தன் தாளத்தில் ஆட ஆரம்பித்தது. பாறை மேல் பதிவானதைப் போல ஏறக்குறைய ஐந்து மடங்கு ஆட்டம். ஆறு மாடியிலிருந்து பதினைந்து மாடி வரை உள்ள கட்டடங்களின் இயல்பான ஆட்டமும் அந்தத் தாளத்துக்கு அருகில்தான். ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளிக்கொண்டே இருந்தால் என்ன ஆகும்? அந்த உயரக் கட்டடங்கள்தான் அதிகம் விழுந்தன. இறந்தவர்கள் பத்தாயிரம் பேர் வரை என்று பொதுவாகச் சொல்வார்கள். ஏரிக்கரைக்கு வெளியே சில கிலோமீட்டர் தள்ளிக் குடியிருந்தவர் அன்று காலை காபி குடித்துவிட்டு வேலைக்குப் போயிருப்பார்.

அதற்குப் பிறகு விதிநூல்கள் மாறின. 1990-களில் அமெரிக்காவில் மேலே உள்ள முப்பது மீட்டரைக் குறுக்கலை எவ்வளவு நேரத்தில் கடக்கிறது என்பதை வைத்து நிலத்தை வகை பிரித்தார்கள். சராசரி வேகம் நொடிக்கு 760 மீட்டருக்கு மேல் என்றால் பாறை. 180-க்குக் கீழ் என்றால் எச்சரிக்கை. ஒவ்வொரு மனைக்கும் அந்த எண் வேண்டும் என்றதும், துளை போடாமல் அதைச் சொல்லும் முறைக்குத் திடீரென்று மவுசு வந்தது.

1999-ல் கான்சாஸ் நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த பார்க், மில்லர், ஷியா மூவரும் எழுதிய கட்டுரைதான் இன்று எல்லோரும் பயன்படுத்தும் முறைக்கு அடித்தளம். ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து எம்.ஏ.எஸ்.டபிள்யூ என்பார்கள். இரண்டுக்குப் பதில் இருபத்துநாலு ஜியோபோனை வரிசையாக நட்டு ஒரே அடியைப் பதிவு செய்வது. இரண்டு காது மட்டும் இருந்தால் எது அலை, எது பக்கத்தில் போன லாரி என்று தெரியாது. இருபத்துநாலு காது இருந்தால் சத்தத்தைப் பிரித்துவிடலாம். இதில் எனக்குப் பிடித்த விஷயம் என்னவென்றால், ஜியோபோனை வரிசையாக நடுவது, பல தடத்தில் பதிவு செய்வது எல்லாம் எண்ணெய்க்காரர்கள் வளர்த்த வித்தை. அவர்கள் வடிகட்டி எறிந்த அலையை அவர்களுடைய வலையாலேயே பிடித்தார்கள்.

அடுத்த இரண்டாம் வருடம் நமக்கே பாடம் வந்தது. 2001 ஜனவரி 26, குடியரசு தினக் காலை, பூஜ் பூகம்பம். இருநூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருந்த அகமதாபாத்தில் அடுக்குமாடிகள் விழுந்தன. கீழே கார் நிறுத்த வெறும் தூண்களை விட்டுக் கட்டியதும், மோசமான கட்டுமானமும் பெரிய காரணம். அதை மண்ணின் மேல் போட்டுத் தப்பிக்கக் கூடாது. ஆனால் சபர்மதி கொண்டுவந்து கொட்டிய ஆழமான வண்டலும் ஆட்டத்தைக் கூட்டியது. மறு வருடம் திருத்திய இந்திய விதிநூலில் சென்னை இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு ஏறியது. பெங்களூரில் இந்திய அறிவியல் கழகத்தார் ஐம்பதுக்கும் மேற்பட்ட இடங்களில் இந்தச் சோதனையைச் செய்து நகரத்துக்கு வரைபடம் போட்டார்கள். சென்னையிலும் ஐ.ஐ.டி ஆய்வாளர்கள் செய்தார்கள்.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு மைதானத்தில் இதை நேரில் பார்த்தேன். விடியற்காலை, பேருந்து ஓட ஆரம்பிக்கும் முன். ஓர் இளம் பெண் பொறியாளரும் இரண்டு பையன்களும். மஞ்சள் கம்பி, ஒரு மீட்டருக்கு ஒன்றாக ஜியோபோன், ஒரு மடிக்கணினி, தரையில் ஒரு இரும்புத் தகடு. சம்மட்டி பிடித்தவர் எங்களோடு பல வருடம் துளை போட்ட ஆள். அடிப்பார், திரையில் இருபத்துநாலு கோடும் விசிறி மாதிரி விரியும். “இன்னும் ரெண்டு அடி போடுங்கண்ணே, இதுல நாய் குரைச்சது விழுந்திருக்கு” என்று அந்தப் பெண் சொன்னார். அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஐம்பது அடி எண்ணியே பழகியவர், ஐந்து அடியில் வேலை முடிந்ததை நம்பவே இல்லை. “சார், நெசமாவே அடியில என்ன இருக்குன்னு தெரிஞ்சிருமா?” என்று என்னிடம் ரகசியமாகக் கேட்டார்.

தெரியும், ஆனால் எல்லாம் தெரியாது. விறைப்பு தெரியும், அது களிமண்ணா மணலா என்று தெரியாது. நிலத்தடி நீர்மட்டத்தை இதை வைத்து நம்பிச் சொல்ல முடியாது. ஒரே அலை அட்டவணைக்கு இரண்டு மூன்று விதமான மண் அடுக்குகள் பொருந்தும். கணினி அதில் ஒன்றை வண்ணப் படமாகப் போட்டு நீட்டும்போது, மற்றவை மறைந்துவிடும். மேலே கெட்டி, கீழே இளகல் என்று மாறி இருந்தால் கணக்கு இன்னும் சிக்கல். சம்மட்டி அடிக்குப் பொதுவாக முப்பது மீட்டருக்குக் கீழே எட்டுவதும் கஷ்டம். இன்னும் ஆழம் வேண்டும் என்றால் நீள அலை வேண்டும், அதற்கு நகரத்தின் ஓயாத அதிர்வையே பயன்படுத்துவார்கள். 1957-லேயே ஜப்பானில் கெய்ட்டி அகி அதற்கு வழி சொல்லியிருந்தார். பேருந்தும் லாரியும்தான் அதில் சம்மட்டி. என்ன ஆனாலும் ஒரு துளையாவது போட்டு ஒப்பிட்டுப் பார்க்காத அறிக்கையை நான் கையில் வாங்க மாட்டேன். ஆனால் அந்தத் துளையை எங்கே போட வேண்டும், இரண்டு துளைக்கு நடுவில் வாய்க்கால் படுத்திருக்கிறதா என்பதை இது சொல்லிவிடும்.

சென்னையில் இந்த முறைக்கு வேலை நிறைய. கிண்டி, பரங்கிமலை, பல்லாவரம் பக்கம் கொஞ்சம் தோண்டினாலே பாறை. பல்லாவரத்துக் கல்தான் கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறையில் இருக்கிறது, அதனால் உலகமெங்கும் அந்தப் பாறைவகைக்கே சார்னோக்கைட் என்று பெயர். வடக்கிலும் கடலோரத்திலும் ஆழமான மணலும் களிமண்ணும். நடுவே மாம்பலம் நீண்ட ஏரியைத் தூர்த்துத் தியாகராய நகர் எழுப்பிய 1920-களிலிருந்து, நுங்கம்பாக்கம் ஏரி வழியாக, புறநகரில் நேற்று பட்டா போட்ட ஏரி வரை ஒரே நகரத்தில் எல்லாம் இருக்கிறது. தெருப்பெயரில் ‘ஏரி’ மிஞ்சியிருக்கும் இடத்தில் வீடு வாங்கப் போகிறீர்கள் என்றால், மண் அறிக்கையில் முப்பது மீட்டருக்கான குறுக்கலை வேகம் போட்டிருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். புரியாத மாதிரி பார்ப்பார்கள். பரவாயில்லை, கேளுங்கள்.